மாதா சுரூபத்துக்குப் பின்னால நாற்பது மாத்திரை

மாதா செஞ்ச நன்மையைப் பத்தி நான் சொல்ற ரெண்டாவது சாட்சி இது. முதல்ல சொன்னது தப்பு. அந்தத் தப்பால என் பிள்ளையையே பறிகொடுத்திருப்பேன். அதனால அவசரப்படாம முழுசா சொல்றேன். நான் கொஞ்சம் வாயாடி, பொறுத்துக்கோங்க.

நான் மந்தைவெளியில இருக்கேன். தி.நகர்ல ஒரு டெய்லர் கடையில சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்கிற வேலை. எனக்கும் என் மகளுக்கும் ஹெச்.ஐ.வி. இருக்கு. என்கிட்ட இருந்துதான் அவளுக்கு வந்தது. வீட்டுக்காரர் அவ கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாரு. அவளுக்கு இப்ப பதினாறு வயசு. எழுதச் சொன்னதே அவதான், ஆனா பேரு வேணாம்னுட்டா. பாப்பான்னு எழுதறேன். "இன்னும் பாப்பாவா?"ன்னு முறைக்கிறா.

பதிமூணு வயசுல ஆஸ்பத்திரியிலேயே உட்கார வெச்சு அவளுக்கு எல்லாம் சொன்னோம். ரெண்டு பேருக்கும் தினம் ஒரு மாத்திரை, ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு அப்புறம். அவ ஒரு நாள் விட்டதில்லை.

போன வருஷம் ஸ்கூல் திறந்து ஒரு மாசம் கழிச்சு ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்தது. கவுன்சலர் மேடம் சிரிச்சிக்கிட்டே, "கிருமி தெரியவே இல்லைம்மா, அவ்வளவு நல்லா மாத்திரை போட்டிருக்கா"ன்னாங்க. அதுக்கு மேல அவங்க சொன்னது எதுவும் என் காதுல ஏறலை. தெரியலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? வராந்தாவிலேயே முட்டி போட்டுட்டேன்.

எங்க தெருக் குடும்பங்க எல்லாம் ஒரு வீட்டுல சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் அந்த வாரமே நடந்தது. எழுந்து நின்னேன். "என் பொண்ணுக்கு ரத்தத்துல ஒரு வியாதி இருந்தது. மாதா அதை எடுத்துட்டாங்க!" எல்லாரும் கை தட்டினாங்க. பாப்பா என் பக்கத்துல உட்கார்ந்து சந்தோஷத்துல அழுதா.

மாத்திரையை நிறுத்தணும்னு நான் நினைக்கலை. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தோம். எட்டு மணியானா அவளே பாட்டில்ல இருந்து எடுத்துக்கிட்டு உள்ள போவா. போட்டுட்டான்னு நினைச்சுக்குவேன்.

பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாக் கொடியேத்தத்துக்கு முந்தின நாள், வீட்டுப் பீடத்தைத் துடைக்க மாதா சுரூபத்தைத் தூக்கினேன். பின்னால ஒரு சின்ன கவர். உள்ளே மாத்திரை. எண்ணினேன், நாற்பது.

"இன்னாடி இது?"ன்னு கத்தினேன்.

அவ ஒண்ணுமே நடக்காத மாதிரி சொன்னா: "எனக்குத்தான் சரியாயிடுச்சேம்மா. குப்பையில போட்டா பாவம். அதான் மாதாகிட்டயே குடுத்துட்டேன்."

"யாருடி சொன்னது சரியாயிடுச்சுன்னு?"

"நீதானே சொன்ன? எல்லார் முன்னாலயும்."

மறுநாள் மேடம்கிட்ட ஓடினோம். அவங்க திட்டலை. "கிருமி போகலை பாப்பா. மாத்திரைக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கு. நிறுத்தினா வெளியே வந்து ஆடும்"னாங்க. ரத்தம் எடுத்தாங்க. ஆட ஆரம்பிச்சிருந்தது.

அதுக்கப்புறம்தான் என் பிள்ளை உடைஞ்சு போனா. "மாதாவும் பொய், நீயும் பொய்"னா. மாத்திரையைக் கையில குடுத்தா தட்டி விட்டா. கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கையும் நீட்டிட்டேன். மூணு வாரம் அசைஞ்சு கொடுக்கலை. சளி பிடிச்சு அவ இருமும்போதெல்லாம் எனக்கு உயிரே போச்சு.

வேலைக்குப் போற பஸ்ல நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணேன். "மாதாவே, உன் பேரைச் சொல்லி உளறினது நான். என் மானம் போனா போகட்டும். பிள்ளை மாத்திரை போடணும், அவ்வளவுதான்." பனகல் பார்க்ல இறங்கும்போது மனசுல பளிச்சுன்னு பட்டது. எங்க உளறினேனோ அங்கதானே போய்த் திருத்தணும்?

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு அவளையும் இழுத்துக்கிட்டுப் போனேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு ஓரமா உட்கார்ந்தா. நான் எழுந்தேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வியாதி போகலை. மாத்திரைதான் அதை அடக்கி வெச்சிருந்தது. அந்த மாத்திரையைக் குடுத்ததே ஆண்டவர்தான்னு எனக்குப் புரியலை. என் மக மேல ஒரு தப்பும் இல்லை."

திடீர்னு மீன் விக்கிற ஸ்டெல்லா அக்கா தலையில கை வெச்சாங்க. "இன்னாம்மே சொல்ற! நீ சொன்னதைக் கேட்டு, எனக்கும் மாதா பார்த்துக்குவாங்கன்னுதானே நான் சுகர் மாத்திரையை வுட்டேன்! ரெண்டு மாசமா தலை சுத்திக்கினே கீது!"

ஓரத்துல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் மெதுவா இருமினாரு. "பி.பி. மாத்திரை… நானும்…" அவர் சம்சாரம் திரும்பி, "என்னது?"ன்னு போட்ட சத்தத்துல வீடே அதிர்ந்தது.

பாப்பா குபீர்னு சிரிச்சா. எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்து! நானும் சிரிச்சேன், அழுதேன், ரெண்டும் ஒண்ணா வந்தது. வழியெல்லாம், "எத்தனை பேரைம்மா கெடுத்து வெச்சிருக்க!"ன்னு ஓட்டிக்கிட்டே வந்தா.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அவளே பாட்டிலைத் திறந்தா. போட்டா, தண்ணி குடிச்சா, வாயைத் திறந்து "ஆ"ன்னு காட்டினா. "நீ அத்தனை பேர் முன்னால தப்புன்னு ஒத்துக்கிட்டியே, அதுக்காகத்தான்"னா. மாதாவே, உனக்குக் கோடி நன்றி!

மூணு மாசம் மேடம் அவளை விடாம கூப்பிட்டுப் பேசினாங்க. இப்ப கிருமி அடங்கியிருக்கு. சனிக்கிழமைகள்ல இதே மாத்திரை போடுற அவ வயசுப் பிள்ளைங்களோட ஆஸ்பத்திரியில கூடுறா. அங்க இவ அரட்டைதான் பெரிசாம்.

இதை வாசிக்கிற அம்மாமாரே, ஜெபத்தையும் விடாதீங்க, மாத்திரையையும் விடாதீங்க. பிள்ளைங்ககிட்ட தப்பா எதையாவது சொல்லியிருந்தா வெட்கப்படாம போய்த் திருத்துங்க. மிச்சத்தை மாதா பார்த்துக்குவாங்க, நம்புங்க.

போன வாரம் கடையில கல்யாண ஆர்டர், ஒரே அசதி. சாப்பிட்டதும் அப்படியே படுத்துட்டேன். பாப்பா வந்து இடுப்புல கை வெச்சு நின்னா.

"மாத்திரை போட்டியா?"

"நாளைக்குப் போட்டுக்கிறேன்டி."

"எழுந்திரு. நீ போயிட்டா நான் யார்கூட சண்டை போடுறது?"

எழுந்து போட்டேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னா. காட்டினேன்.