வாடாத நெல் கேட்ட அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் தோசையைப் பிட்டு வாயில் வைக்கும் நேரம் பார்த்து, கிள்ளானிலிருந்து அமுதா அக்காவின் போன். என் பெரியம்மா மகள். அவளுடைய இளைய மகள் யாழினிக்கு அடுத்த வாரம் கல்யாணம்.

"டேய், நீ வந்து உன் மருமகள்கிட்ட பேசு. அவ என்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்குறா."

நகையா, சேலையா, சம்பந்தி வீட்டாரா? எதுவும் இல்லையாம். நெல்லாம்!

யாழினிக்கு செமினியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மழை பொய்த்தாலும் காய்ந்துபோகாத நெல்லை உருவாக்குகிறார்கள். ஏதோ ஒரு காட்டுப்புல்லின் மரபணுவை எடுத்து நெல்லுக்குள் வைக்கிறார்கள்... எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அதுவும் சரிதானா என்று தெரியாது.

இங்கே கல்யாணத்துக்குப் பாலிகை போட வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன் — மண் சட்டிகளில் நவதானியம் விதைத்து, சுமங்கலிகள் தண்ணீர் ஊற்றுவார்கள். கல்யாணத்தன்று முளை பச்சைப்பசேல் என்று நின்றால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. அக்கா மகளிடம் வெகு சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள்: "உங்க லேப் நெல்லுல ரெண்டு பிடி எடுத்துட்டு வா."

மகள் முடியாது என்றுவிட்டாள்.

கொமுட்டர் ரயில் பிடித்து கிள்ளான் போனேன். அக்கா வாசலிலேயே மடக்கினாள். "ஊரு நெல்லு வாடக்கூடாதுன்னு ராத்திரி பகலா வேலை செய்வாளாம். சொந்தக் கல்யாணத்துல வாடுனா பரவாயில்லையாம். இது என்ன நியாயம் லா?"

நியாயமாகத்தான் பட்டது.

உள்ளே யாழினி. "மாமா, அது லேப்பை விட்டு ஒரு மணிகூட வெளிய வரக்கூடாது. வெளியில மத்த நெல்லோட கலந்துட்டா யாரு பதில் சொல்றது? என் வேலையே போயிரும்."

இதுவும் நியாயமாகத்தான் பட்டது! கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வது என் பிறவிக்குணம். இருந்தாலும் விடவில்லை.

"சாப்பிட்டா ஆபத்தா?"

"சோதிச்சுக்கிட்டு இருக்கோம், மாமா."

"அப்ப ஆபத்து இல்லையா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் தெரியல."

இது ஆமாவா, இல்லையா? வக்கீல்கள்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவார்கள்.

"சரி, வாடாதுல்ல? உங்கம்மாவுக்கு அதானே வேணும்?"

சிரித்துவிட்டாள். "தண்ணி குறைஞ்சா அந்தப் பயிர் வளர்றதைக் குறைச்சுக்கிட்டு உயிரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும் மாமா. அதான் அதோட பலம். எங்ககிட்ட இருக்கிற சில வகை, தண்ணி நல்லா இருந்தாலும் குட்டையாத்தான் நிக்குது. அதைச் சரி பண்ணத்தான் மண்டையை உடைச்சுக்கிறோம். பாலிகையில போட்டா கடை நெல்லைவிட குட்டையா நின்னு, அம்மா அதுக்கும் அழுவாங்க."

தாங்குகிற பயிர் வளராது, வளர்கிற பயிர் தாங்காது என்றால் எதைத்தான் நல்ல பயிர் என்பது? இதைக் கேட்டால் அவள் இன்னும் விளக்குவாளே என்று பயந்து, தேநீர் கிடைக்குமா என்று அக்காவைக் கேட்டேன்.

அக்கா தேநீரை என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தேவி கல்யாணத்துல பாலிகை கெட்டுப்போச்சுடா. மறந்துட்டியா?"

தேவி, மூத்தவள். அவள் கல்யாணம் நிலைக்கவில்லை. ஹாலின் மூலையில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பாலிகைக்கு வாங்கிவைத்த காலிச் சட்டிகள் இருந்த பக்கம் அவள் வரவே இல்லை. அக்கா கேட்டது நெல்லே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது.

யாழினிக்கும் அது கேட்டுவிட்டது. "அம்மா, தேவியக்கா பாலிகை காஞ்சு போகல. அழுகிப்போச்சு. நீங்க கேக்குற நெல்லு வறட்சியைத்தான் தாங்கும். நம்ம சொந்தக்காரங்க ஊத்துற தண்ணியைத் தாங்காது!"

உண்மைதான். பந்திங்கிலிருந்து வந்த அத்தை ஒரு செம்பு ஊற்றினால், பங்சாரிலிருந்து வந்த சித்தி ஊற்றாமல் போவாளா? வேண்டாம் என்றால் மரியாதைக் குறைச்சல். அன்றைக்கு எல்லாருக்கும் மரியாதை செய்தே பயிரை மூழ்கடித்துவிட்டார்கள்.

"அப்ப யாரை ஊத்த வேணாம்னு சொல்றது?" என்றாள் அக்கா.

"யாரும் வேணாம். தேவியக்கா மட்டும் ஊத்தட்டும்" என்றாள் யாழினி.

தேவி நிமிர்ந்தாள். "நான் எப்படி யாழி... சும்மா இரு."

அக்கா என்னைப் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்! சம்பிரதாயம் சரியா, சின்னவள் சரியா? மரபணுவே புரியாதவனுக்கு இது எப்படிப் புரியும்? மாமன் என்கிற பதவிக்கே அவமானமாக, தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஓர் ஆணியைக் கொண்டுவந்து ஒவ்வொரு சட்டியின் அடியிலும் மெல்ல ஓட்டை போட்டாள். மண் நிரப்பி, கடை நெல்லோடு மற்ற தானியங்களையும் தூவினாள். செம்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சின்னப் பூஜைக் கிண்ணத்தைத் தேவியின் கையில் திணித்தாள்.

"கொஞ்சமா ஊத்து."

நேற்று நானே போன் செய்தேன். முளை விட்டிருக்கிறதாம். எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"நான் எங்கடா பார்த்தேன்?" என்றாள் அக்கா. "சட்டிகிட்ட தேவி யாரையும் விட மாட்டேங்குறா!"