தினமும் ஏகாதசி

கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்ததும் என் கணவர் கொதித்துப் போனார். "காப்பியைத் தவிர வேற எதையும் குடிச்சதில்லையே, டாக்டர்!"

டாக்டரம்மா சிரித்தார். "இது குடியால வந்ததில்லைங்க. தொப்பைக் கொழுப்பு ஒரு கிடங்கு மாதிரி. அளவுக்கு மேல அடைச்சா அது கெட்டுப்போய், கொழுப்பைப் பிடிச்சு வைக்க முடியாம ரத்தத்துல விட்டுடும். அது கல்லீரல்ல போய்த் தங்கிடும். ராத்திரி சாதத்தைக் குறைங்க."

ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா? எங்கள் வீட்டில் ஏகாதசி உபவாசம் என்றால் சாதம் கிடையாது, பலகாரம்தான். அன்றிலிருந்து இவருக்குத் தினமும் ஏகாதசி. மொறுமொறு அடை, மேலே வெண்ணெய், தொட்டுக்கொள்ள வெல்லம். நான் முறைத்தால், "சாதத்தைத் தொட்டேனா?" என்பார். அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

அடுத்த முறை போனபோது எடை கூடியிருந்தது. "சாதமே சாப்பிடறதில்லை" என்று இவர் அடித்துச் சொன்னார். நான் அடையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வீடு திரும்பும்போது காவிரிப் பாலம் தாண்டும்வரை இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

அன்று ராத்திரி தட்டில் புடலங்காய்க் கறியும் பக்கத்தில் மோரும் வைத்தேன்.

"என்னடி, இன்னிக்கு உபவாசமா?"

"உபவாசம்னா உங்களுக்கு இவ்வளவு கொஞ்சமாவா போடுவேன்?"