காற்றடிக்கத் தெரியாத தபால்காரன்

பிள்ளைகளே, உங்கள் மூத்த அக்கா பிறந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தபோது நடந்தது இது. அப்போது இலங்கையில் மாத்தளைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரருக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் இருந்தோம். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தபால்காரர் வேலையை விட்டுப் போனதும், கிளாக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "சைக்கிள் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுங்க ஐயா" என்றேன்.

அது முழுப் பொய்யில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை டவுனில் வாடகைச் சைக்கிள் எடுத்து, முழங்கால் தோலைக் கொடுத்து ஓட்டப் பழகியிருந்தேன். ஆனால் வாடகைச் சைக்கிளுக்குக் கடைக்காரரே காற்றடித்துத் தருவார். நான் பம்பைத் தொட்டதே கிடையாது.

ஒரு மாதம் பார்ப்போம் என்றார் ஐயா. பகல் பன்னிரண்டுக்குள் டவுனிலிருந்து தபால் பை ஆபீஸ் மேசைக்கு வந்துவிட வேண்டும். மூன்று தரம் பிந்தினால் பழையபடி பால் கத்திதான். தோட்டத்தில் பம்போடு கொடுத்த சைக்கிளின் முன் டயரோ, டவுன் கடையில் காற்றடித்துக்கொண்டு வந்தாலும் விடியும்போது சப்பையாகக் கிடக்கும். டவுன்வரை தள்ளிக்கொண்டு போய், ஏற்கெனவே இரண்டு தரம் பிந்திவிட்டேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. காலையில் ஒரு காதில் விழுந்தது மாலைக்குள் ஆபீசுக்குப் போய்விடும். தெரியும் என்று சொல்லிவிட்டவன் எந்த முகத்தோடு கேட்பது?

அன்று காலையும் டயர் சப்பை. சைக்கிளைக் காம்பராவுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். உங்கள் அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எதையாவது திறந்தால்தானே காற்று உள்ளே போகும் என்று வால்வைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகினேன். உஸ்ஸென்று மிச்சக் காற்றும் போய், வால்வு கையோடு வந்துவிட்டது.

"என்ன புள்ள, உள்ள பாம்பா?" என்று சுவருக்கு மேலாக ஒரு குரல்.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது. பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் தோட்டத்துக் காவல்காரர். ராவெல்லாம் பால் திருடுகிறவர்களைப் பிடிக்க அலைந்துவிட்டுப் பகலில் படுப்பார்.

"இல்ல மாமா, அடுப்பு ஊதுறேன்" என்றாள் அம்மா.

"அப்பிடி ஊதுனா லயமே எரிஞ்சிரும் புள்ள. மெதுவா ஊது."

வால்வைத் திரும்பச் செருகி அடித்தேன். அடிக்க அடிக்க வெளியே வந்தது. கழற்றிப் பார்த்தால், வால்வின் மேல் போட்டிருந்த மெல்லிய ரப்பர் குழாயின் நுனி கிழிந்திருந்தது. பால் வெட்டுகிறவன் புத்தி எங்கே போகும்? ரப்பருக்கு ரப்பர் பால்தான் மருந்து என்று தோன்றியது. பின்பக்கமாக இறங்கி, ஒரு மரத்திலிருந்து பால் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"அய்யோ, தோட்டத்துப் பால உள்ளயே கொண்டாந்துட்டீங்களா?" என்று அம்மா என் காதுக்குள் சொன்னாள். "காவக்காரு பக்கத்துல படுத்திருக்காரு. கண்டா வேலையும் இல்ல, காம்பராவும் இல்ல. இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

வால்வை முழுவதும் பாலில் தோய்த்து, அடுப்பு அனலில் காட்டிக் காயவைத்தேன். அது காயவே அரைமணிக்கு மேல் போய்விட்டது. பிறகு மாட்டி அழுத்தினால் பம்பு கீழே இறங்க மாட்டேன் என்றது. உடம்புப் பாரத்தைப் போட்டு அமுக்கினேன். கைப்பிடி திமிறி மேலே வந்து தாடையில் அடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், கத்தவும் வழியில்லை. துவாரத்தையே பால் அடைத்திருக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. புகையும் சைக்கிளும் பிள்ளையும் நாங்களுமாக, அந்தக் காம்பரா ஒரு பெட்டி மாதிரி இருந்தது.

வால்வைத் திரும்பக் கழற்றினேன். அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள். தினமும் வெட்டுக்கு முந்தி, மரத்தில் காய்ந்துபோன முந்தின நாள் பாலை நகத்தால் நெம்பி உரிப்போமே, அப்படியே உரித்தாள். ஒரே நூலாக வந்தது.

"நுனிதான கிழிஞ்சிருக்கு? அத வெட்டிட்டு மிச்சத்தக் கீழ இழுத்துவிட்டா என்ன?"

அப்படியே செய்தோம். வளையத்தை இறுக்கி அடித்தேன். டயர் எழும்பியது. வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தோம், குமிழி வரவில்லை. உரித்த நூலையும் சிரட்டையையும் மறைக்க அம்மா அடுப்பில் போட்டாள். ரப்பர் கருகும் வாடையை மறைக்க முடியுமா?

சுவருக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டில் முனகியது.

"பச்சப் புள்ளைக்கு அந்தப் பொகை ஆகாது" என்றார் காவல்காரர். "கதவத் தொறந்து வைங்க."

அவ்வளவுதான். அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பையோடு நான் ஆபீஸ் படியேறும்போது பன்னிரண்டு தாண்டி இருபது நிமிஷம். ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மூணாவது தரம். என்னாச்சு?"

மறைக்கத் தெம்பில்லை. "காத்தடிக்கத் தெரியாதுங்க ஐயா" என்றேன்.

"சைக்கிள் தெரியும்னியே?"

"ஓட்டத் தெரியுங்க. காத்தடிக்க இன்னிக்குத்தான் பழகினேன்."

மற்றக் கிளாக்கர் வாயைப் பொத்திச் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. வெளியே வராந்தாவில் நின்ற தன் சைக்கிளைக் காட்டி, "அதுக்கு அடி, பாக்கலாம்" என்றார். வளையத்தைத் தொடாமல், இரண்டு சக்கரத்துக்கும் அடித்தேன். ஐயா கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சரி. நாளைக்கும் வா."

வேலை தப்பியது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாள் போனபோது ஐயாவின் சைக்கிள் எனக்காக வராந்தாவில் சாய்ந்து நின்றது. பம்பு பக்கத்தில் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அந்தத் தோட்டத்தில் தபால் சுமந்த ஆறு வருஷமும், என் பையைத் தொடுமுன் அவர் டயரைத் தொட வேண்டியிருந்தது. அது என் வேலையில்லை என்று சொல்ல ஒரு நாளும் வாய் வரவில்லை. ஐயா நாற்காலியில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்து, "பின்னுக்கு இன்னும் நாலு அடி" என்பார்.

அடிப்பேன்.