மூச்சில் ஐம்பத்து மூன்று

பிப்ரவரி 4, புதன்கிழமை, காலை 9.40. பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. செங்கல்பட்டில், ஆஸ்துமாவுக்கு நான் பார்க்கும் டாக்டரின் அறையில், ஒரு கருவிக்குள் பத்து விநாடி சீராக ஊதினேன். மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்ஸைடை அது அளக்கும். ஒவ்வாமையால் மூச்சுக்குழாய் வீங்கியிருந்தால் எண் ஏறும். போன முறை 31. இந்த முறை ஐம்பதைத் தாண்டினால் வீட்டுப் பூனையை ஊரப்பாக்கத்தில் இருக்கும் மகளிடம் அனுப்பிவிட வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாமல்லபுரத்தில் மீன் வாங்கப்போன என் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட பூனை அது.

திரையில் 53 என்று வந்தது.

இழுப்பே இல்லையே, இன்ஹேலர் பம்பை ஒருவேளைகூடத் தவறவிடவில்லையே என்று டாக்டரிடம் புலம்பினேன்.

"புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்டார்.

"மூணு நாளா பீட்ரூட் ஜூஸ் குடிச்சிகினு இருக்காரு டாக்டர். டெஸ்ட் நல்லா வரணுமாம்," என்றாள் என் மனைவி.

டாக்டர் சிரித்துவிட்டார். பீட்ரூட்டும் கீரையும் சாப்பிட்டாலே மூச்சில் அந்த வாயு கூடுமாம். "ஜூஸை நிறுத்திட்டு அடுத்த வாரம் வாங்க. பூனை அதுவரைக்கும் இருக்கட்டும்."

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "பரீட்சைக்குப் போற பையன் கெட்டான் போங்க! பூனைய வுட்டுட்டு உங்களத்தான் பொண்ணு வூட்டுக்கு அனுப்பணும்."

அடுத்த புதன்கிழமை ஊதியபோது 30. பூனை எங்களோடேயே இருக்கலாம், படுக்கையறைக்குள் மட்டும் வரக்கூடாது என்றார் டாக்டர். இரண்டு டெஸ்ட், நான்கு ஆட்டோ, இரண்டு கிலோ பீட்ரூட், எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 2,870 ரூபாய்.