வாங்கின விலை

எங்கள் கடையில் இருந்த சாமான் அத்தனையும் ஒரே கிழமையில், ஏழே நாளில், விற்றுத் தீர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வேறு எந்தக் கடைக்காரனுக்கும் அது பெருநாள். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை நாலு பேர் பிடித்து வாசலால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மேசைக்குப் பின்னால் நின்று, "பாத்துக் கொண்டு போங்க, மூலையில இடிச்சிராதீங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கடை முடிந்துவிட்டது என்பது அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மச்சான் என் அக்காவின், எங்கள் வழக்கில் ராத்தாவின், கணவர்; நானும் அவருக்கு மச்சான்தான். கட்டாரில், பணக்கார வீடுகளுக்கு ஒலிச் சாதனங்கள் விற்கும் கடையொன்றில் பல வருடம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி, கல்முனையின் பிரதான வீதியிலேயே அதே மாதிரி ஒரு கடையைத் திறந்தார். எங்களிடம் இருந்த நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடியின் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். நானும் கட்டாரில் இருந்த வேலையை விட்டுவிட்டு, சேமித்ததையெல்லாம் கொண்டுவந்து அவரோடு சேர்ந்தேன். அந்தக் கடை நின்றுபிடித்தால்தான் நாங்கள் இரண்டு பேரும் பெண்சாதி பிள்ளைகளோடு ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

ஒலியைக் கேட்டுப் பார்ப்பதற்கென்று கடையின் பின்பக்கம் திரையும் கம்பளமும் போட்ட ஓர் அறை இருந்தது. அங்கே எதைப் போட்டுக் காட்டுவது என்பதே முதல் தலையிடி. பாட்டுப் போட்டால், மார்க்கத்துக்கு ஆகாது என்று பாதிப் பேர் எழும்பிப் போய்விடுவார்கள். குர்ஆன் ஓதலைப் போடலாம் என்றேன். "ஓதல வச்சு யாவாரம் செய்ய ஏலா" என்று மறுத்துவிட்டார். ஒலுவில் கடற்கரைக்குப் போய் அலைச் சத்தத்தைப் பதிந்து வந்தார். கதவைத் திறந்தால் கேட்கிற கடலுக்கு இவ்வளவு செலவா என்று நான் பகிடி பண்ணினேன். ஆனால் இருட்டறையில் அந்த அலை எழும்பி வந்தபோது, மருதமுனையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கதிரையை விட்டு எழுந்து, "இத நிப்பாட்டுங்க தம்பி" என்றார். சுனாமி வந்துபோன எங்கள் கரையில் கடலை அப்படிக் கேட்க யாருக்குத்தான் மனம் வரும்? அன்றிலிருந்து மழைச் சத்தம்தான்.

மழையை எல்லாரும் ரசித்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை. அந்த அறையில் குடும்பத்தோடு உட்கார்ந்து, சாயா குடித்துக் கேட்டுவிட்டு, எழும்பும்போது விலையைக் கேட்பார்கள். விலையைச் சொன்னால், "சும்மா சொல்லாம, எவ்வளவுக்கு எடுத்தீங்க எண்டு சொல்லுங்களேன்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கிற கேள்விதான். எந்தக் கடைக்காரனும் சிரித்து மழுப்பிவிடுவான். மச்சான் மட்டும் சொல்லிவிடுவார். வாங்கின விலை இவ்வளவு, கப்பல் கூலியும் வரியும் இவ்வளவு, எங்கட லாபம் இவ்வளவு. அதைக் கேட்டுக்கொண்டு போய், டுபாயில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்து, வரும்போது கொண்டுவரச் சொன்னவர்களும் உண்டு. விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டுக் குறைத்துக் கொடுத்தால் வாங்குகிறவனுக்கும் சந்தோஷம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "கூட்டிச் சொல்றது பொய்தானே மச்சான்" என்பார். பொய்யா இல்லையா என்று அவரோடு வாதாடி வென்றவர் யாருமில்லை.

இப்படி இழுத்துப் பறித்துக்கொண்டு போன நேரத்தில்தான் டொலர் ஏறத் தொடங்கியது. காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. வீதியில் இருந்த கடைகளெல்லாம் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டின. நான் மச்சானை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைய விலைக்குத்தான் விற்க வேண்டும் என்றேன்.

"சாமான் பழைய விலைக்கு வந்தது மச்சான். டொலர் ஏறினத்துக்கு நான் என்ன வேல செஞ்சன், கூடக் காசு எடுக்கிறத்துக்கு?" என்றார்.

"நாளைக்கு இதே சாமான எடுக்கக் காசு எங்க இரிக்கி? இந்த விலைக்கு வித்தா நாம கடையத்தான் விக்கிறம்."

"நாளையப் பத்தி அல்லாஹ்வுக்குத் தெரியும்."

அல்லாஹ்வைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டால் நான் என்னத்தைக் கதைப்பது? மேசையில் அடித்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நாள், மூன்று வருடமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்த நெல் ஆலை முதலாளி வந்து, ஒரு சொல் பேசாமல் இரண்டு சோடி ஏற்றிப் போனார். செய்தி எப்படிப் போனதோ, கொழும்பிலிருந்து வான்கள் வந்தன. வந்தவர்கள் பாட்டுக் கேட்கிறவர்கள் இல்லை, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. யாவாரிகள் என்று மச்சானின் காதுக்குள் சொன்னேன். வாங்குகிறவன் என்ன செய்வான் என்று கேட்கத் தனக்கு உரிமையில்லை என்றார். இரண்டு கிழமைக்குள் எங்கள் ஸ்பீக்கர்கள் இணையத்தில் மூன்று மடங்கு விலைக்குக் கிடந்தன. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது ஹலாலா எண்டு அவன்தான் பாத்துக்கணும்" என்று திருப்பித் தந்தார்.

கையில் இருந்த காசுக்குப் பாதிச் சாமான்கூட வராது என்று, கட்டாரிலிருந்து எங்களுக்குச் சாமான் அனுப்புகிறவரிடமிருந்து பதில் வந்தது. அதற்குள் அரசாங்கம் இறக்குமதியையும் நிறுத்திவிட்டது. மழை கேட்ட அந்த அறையில் இன்று யாரோ சப்பாத்தும் செருப்பும் விற்கிறார்கள். நான் மறுபடி கட்டாருக்குப் போய் இரண்டு வருடம் வெயிலில் காய்ந்துவிட்டு வந்து, அதே வீதியில் சின்னதாய் ஒரு கடை போட்டிருக்கிறேன். சவுண்ட்பார், புளூடூத் ஸ்பீக்கர் என்று விலைபோகிற சாமான்கள். தினமும் காலையில் டொலரைப் பார்த்துத்தான் விலை சொல்வேன். மச்சான் வீட்டு முன்னறையில் அம்ப்ளிஃபயர் திருத்துகிறார். ஊரில் யாருக்கு எதன் சரியான விலை தெரிய வேண்டுமென்றாலும் இன்றும் அவரைத்தான் கேட்கிறார்கள், என் கடைக்குள் நின்றுகொண்டே.

போன மாதம் அப்படித்தான் ஒரு வாத்தியார் சவுண்ட்பார் ஒன்றின் விலையைக் கேட்டார். சொன்னேன். நம்பாமல், என் கண் முன்னாலேயே மச்சானுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். விலையைக் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்:

"சரியான விலைதான் சேர். அந்த விலைக்கு வித்தாத்தான் அவர் அடுத்த சாமான எடுக்க ஏலும். இல்லாட்டிக் கடையப் பூட்டணும். குறைக்கச் சொல்லாதீங்க."

வாத்தியார் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். நான் அந்த அறைக்குள் நின்று கத்தியதும் இதே நியாயம்தானே, அன்றைக்கு ஏன் விளங்கவில்லை என்று கேட்கத்தான் போனேன். கழற்றிப்போட்ட அம்ப்ளிஃபயர் ஒன்றின் முன்னால் இருந்தவர், நான் வாய் திறக்கும் முன்பே நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எவ்வளவுக்கு எடுத்தீங்க எண்டு நான் கேக்கல்ல மச்சான்" என்றார். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார். வாங்கின விலையைக் கேட்காமல் ஒரு விலையைச் சரி என்று அவர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ராத்தா சாயா கொண்டுவந்து வைத்தா. எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்காக இவ்வளவு விட்டுக்கொடுக்கத் தெரிந்த மனிதர், தனக்காக அந்த ஒரு கிழமை விட்டுக்கொடுத்திருக்கலாம்.