இருபதாவது நிமிடம்

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். பதினாறு வருடம் ஒரே ஸ்டூல். எதிரே பால் நிறத்தில் ஒளிரும் பலகை. அதன் முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக நகரும். கீறல், குமிழி, கோணல் கழுத்து என்று எதையாவது கண்டால் கையை நீட்டி எடுத்துப் போட வேண்டும். நல்ல பாட்டிலுக்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. கை படாமல் போவதுதான் அதற்குக் கிடைக்கும் மரியாதை.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். உடனே எழுந்துவிட வேண்டும், அடுத்தவள் உட்காருவாள். அதற்கு மேல் போனால் கண் பார்க்கும், மனம் பார்க்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எழுந்தவள் ஜன்னல் பக்கம் போய்த் தூரத்தில் எதையாவது பார்த்தபடி நிற்பாள். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

முப்பத்தொன்பது வயதில் அதை விட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். பெரும்பாலும் சொன்னது இதுதான்: மணிக்கட்டு முறிந்த தோழிக்குத் துணையாக ஒருநாள் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே ஒரு சிகிச்சையாளர் தோழியின் ஒரே விரலோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டிலுக்கு ஒரு நொடிகூடக் கொடுத்துப் பழக்கமில்லாதவளை அந்த முக்கால் மணி நேரம் என்னவோ செய்துவிட்டது. இந்தக் காரணம் முழு உண்மை என்று நான் நினைக்கவில்லை. வேலையை மாற்றியவர்கள் காரணத்தைப் பிற்பாடுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு வருடம் படித்தாள். பிறகு அதே மருத்துவமனையில், கைப் பயிற்சிப் பிரிவில் உதவியாளர் வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அங்கே சிகிச்சைக்கு வந்த ஒரு தையற்காரர் புகார் செய்தார்.

பக்கவாதத்தில் வலது கை மடங்கிப்போன மனிதர். துளையிட்ட பலகையில் மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருக வேண்டும். அதுதான் அவருக்குப் பயிற்சி. அவளை வைத்துக்கொண்டே தலைமைச் சிகிச்சையாளரிடம் சொன்னார்:

“நாப்பது வருஷம் ஊசியில நூல் கோத்த கைம்மா இது. இப்ப பச்சைப் புள்ள மாதிரி குச்சி சொருகறேன். சரியா சொருகினா இவங்க மூச்சே விடறதில்ல. கோணலாப் போனா மட்டும் ‘இல்ல’ன்னு ஒரு வார்த்தை. பாதியில எழுந்து ஜன்னலுக்குப் போயிடறாங்க. என் கை தேறும்னு இவங்களுக்கே நம்பிக்கை இல்ல போல. அப்புறம் நான் எதுக்கு வந்து உக்காரணும்?”

அவர் போனதும் தலைமைச் சிகிச்சையாளர் கதவைச் சாத்தினார்.

“மேடம், தப்பைச் சொல்லாம எப்படித் திருத்தறது?” என்று இவள் முந்திக்கொண்டாள்.

“நான் தப்பைப் பத்திக் கேக்கல. ஜன்னலைப் பத்திக் கேக்கறேன்.”

“நான் எப்ப மேடம் ஜன்னலுக்குப் போனேன்?”

மேடம் மேசைமேல் இருந்த கோப்பைத் திறந்தார். “அடுத்த வாரம் உங்க பேப்பர்ல நான் கையெழுத்துப் போடணும். அவர் வர்றதை நிறுத்திட்டா என்னால போட முடியாது. அவ்வளவுதான்.”

அன்று மாலை வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. காய் நறுக்கத் தொடங்கி, பாதியில் விட்டுத் துணி மடிக்கப் போனாள். துணியை விட்டுவிட்டு ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் போன் செய்தார்.

“கழுகு, புதுசா வந்த பொண்ணு நாலே நாள்ல ஓடிட்டா. உன் ஸ்டூல் காலியாத்தான் இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லு.”

“பாக்கறேன் சார்” என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

கணவன் அச்சகத்தில் மோட்டார் பழுது பார்ப்பவன். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. “போறதா இருந்தா போ, இருக்கறதா இருந்தா இரு. ரெண்டு வாசலுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு எங்க எல்லாரையும் இடிக்காத.”

“நான் என்ன இடிச்சேன்?”

“ஏம்மா, சாப்பிட உக்காந்தா எழுந்துக்கறே, எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க உக்காந்தா எழுந்துக்கறே” என்றாள் மகள். “வேணும்னா டைம் வெச்சுக் காட்டறேன்.” போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுப் பாடப் புத்தகத்தை அம்மா முன்னால் நகர்த்தினாள்.

மூன்றாவது கணக்கின் நடுவே அவள் எழுந்தாள். ஜன்னலருகே போய் நின்ற பிறகுதான் பின்னால் மகள் சிரிப்பது கேட்டது.

“இருபது நிமிஷம் பன்னெண்டு செகண்டு.”

“சினிமாவுக்குப் போனாலும் இதே கூத்துதான்” என்றான் கணவன். “கல்யாணமான புதுசுல படம் புடிக்கலையோன்னு நினைச்சேன். அப்புறம் பழகிப்போச்சு.”

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே?”

“திரும்பி வந்து உக்காந்துடறியே, அப்புறம் என்ன சொல்றது?”

வேலையை விடுவது என்றால் கடிதம் கொடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டது கை. காலுக்கும் முதுகுக்கும் யாரும் தகவல் சொல்வதில்லை. அவள் புதிய வேலையைப் படித்துக் கற்றவள். பழையது படித்து வந்ததல்ல. அதனால் அதை மறக்கவும் வழி தெரியவில்லை.

மேடத்திடம் கெஞ்சித் தையற்காரரை இன்னொரு தரம் வரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வந்தார். குச்சிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் பெல்ட், பாட்டில், மணி என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்.

“அப்ப நான் பாட்டிலா?” என்றார் அவர்.

“இல்லைங்கய்யா...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். “ஆமா. அஞ்சு மாசமா உங்களை அப்படித்தான் பாத்திருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. முதல் குச்சியை எடுத்தார்.

இருபதாவது நிமிடம் நெருங்கும்போது அவள் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முழங்கால்கள் தானாக எழப் பார்த்தன. பாதம் தரையைத் தட்டியது. குச்சிகளைவிட அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது.

“எழுந்து போங்கம்மா” என்றார் தையற்காரர். “நீங்க நெளியறதைப் பாத்தா என் கை இன்னும் நடுங்குது.”

“நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு?”

“தனியாப் போனா உங்களை விட்டுட்டுப் போற மாதிரி ஆயிடுது.”

இருவரும் ஜன்னலருகே போய் நின்றார்கள். “என்ன பாக்கணும்?” என்று கேட்டார்.

“தூரத்துல எதையாவது.”

அவர் பேருந்து நிறுத்தத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அந்த நீலச் சட்டைக்காரன் தோள் இறங்கிக் கெடக்கு. எவனோ அவசரத்துல தைச்சிருக்கான்.”

“ஐயா, நீங்களும் தப்பைத்தான் பாக்கறீங்க.”

“பின்ன? நாப்பது வருஷம் வேற என்னத்தப் பாத்தேன்?”

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நான்கைந்து குச்சிகள் கோணலாகப் போயின. பிறகு ஒன்று நடுங்கிக்கொண்டே போய்த் துளையில் நேராக நின்றது. அவள் வாய் வழக்கம்போல மூடியே இருந்தது. அவர் அடுத்த குச்சியை எடுக்காமல் காத்திருந்தார்.

“சரியா வந்திருக்கு” என்றாள். விண்ணப்பப் படிவத்தை வாசிக்கும் குரலில்தான் வந்தது.

“இதைச் சொல்றதுக்குப் பல்லு வலிக்குதா உங்களுக்கு?”

“கொஞ்சம்.”

“எனக்கும் வராது. என் கடையில வேலை பாத்தவங்களைக் கேட்டுப் பாருங்க, கதை கதையாச் சொல்லுவாங்க.” அடுத்த குச்சியை எடுத்தார்.

போகும்போது வாசல் மேசையில் அடுத்த வாரத்துக்கான நேரம் குறித்துக்கொண்டார். யாரிடம் என்று கேட்டதற்கு, “அந்த ஜன்னலம்மாகிட்டயே போடுங்க” என்றாராம்.

அடுத்த வாரம் வரை காக்காமல் அன்றே மேடம் கையெழுத்துப் போட்டார். நிரந்தரம் என்ற கட்டத்தில் அல்ல. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்ற கட்டத்தில். அதை நியாயம் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒரு வெள்ளிக்கிழமையில் யாரும் வேறு ஆளாகிவிடுவதில்லை.

திங்கட்கிழமை காலை மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள்.

“சார், அந்த எடத்துக்கு வேற ஆளைப் பாருங்க.”

“அப்ப அங்கேயே நிரந்தரம் ஆயிடுச்சா?”

“இல்ல.”

“வேலையாவது புடிச்சிருக்கா?”

“இன்னும் தெரியல சார்” என்று உண்மையைச் சொன்னாள். அவர் அடுத்த கேள்வியைத் தொடங்குவதற்குள் போனை வைத்துவிட்டு, இரண்டிரண்டு படிகளாக மேலே ஏறினாள்.