எங்கள் முன்னறையில் ஊரார் பைகள்

அக்கா இல்லாத முதல் வருடத்தைக் கடந்து வந்திருக்கிறோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு முதல் விமான டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டுக்குள் நடந்ததை மட்டும் தம்பியாகிய நான் சொல்கிறேன்.

திருப்பனந்தாள் அருகே ஒரு சிற்றூரில், மாதா கோயில் உபதேசியாரின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். ஆற்றில் தண்ணீர் வராமல் எங்கள் கொஞ்ச நிலமும் தரிசாகிப்போக, தஞ்சாவூருக்குக் குடிவந்தோம். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டிராவல்ஸில் அக்கா கிளார்க்காகச் சேர்ந்தார். தமக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளாமல் என்னைப் படிக்க வைத்தார். டெல்டாப் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது.

விமானம் பஞ்சாங்கம் பார்த்துப் பறப்பதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் செவ்வாயிலோ அஷ்டமியிலோ விழுந்துவிட்டால் பயணியின் வீடே கலங்கிப்போகும். அதற்குத்தான் பரஸ்தானம். முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு பையை வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். வைக்க வீடு கிடைக்காமல் தவித்தவர்களிடம் அக்கா, “எங்க வீட்ல வைங்க” என்று சொல்லிவிட்டார். மாதா படத்தின் கீழே எப்போதும் யாருடைய பையாவது இருக்கும்.

அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “உபதேசியார் வீட்ல ராகுகாலம் பாக்கறதா?”

“நாம பாக்கலப்பா. போறவங்க மனசு நிம்மதியாப் போகட்டும்.”

திருவாரூர்ப் பக்கத்துச் செல்வராசு துபாய்க்குக் கிளம்பினார். பாஸ்போர்ட்டும் நல்ல நேரத்தில் புறப்படட்டும் என்று அதையும் அந்தப் பையிலேயே வைத்துவிட்டார். மறுநாள் அழுத குடும்பத்தைத் தேற்றிய குழப்பத்தில், பையை எடுக்க மறந்து நேராக மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டார். அக்கா வேலை முடிந்து வந்தபோது பை அப்படியே இருந்தது. அடுத்த நாள் காலை விமானம். அதை விட்டால் விசாவும் வேலையும் போய்விடும்.

“அப்பா, நான் மெட்ராஸ் போறேன்.”

அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “தனியாவா போவ? நட.”

விமான நிலைய வாசலில் செல்வராசு அழுதுகொண்டு நின்றாராம். சரியான நேரத்தில் பை போய்ச் சேர்ந்தது. அதன்பின் அப்பா குறை சொல்லவில்லை. பையோடு வருபவர்களிடம், “பாஸ்போர்ட் கையில இருக்கா?” என்று மட்டும் கேட்பார்.

போன வருடம் அக்காவுக்குச் சென்னையில் இதய அறுவை சிகிச்சை என்று முடிவானது. கிளம்பும் நாள் அஷ்டமி. இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில் வீடு கட்டியிருக்கும் செல்வராசு, மனைவியோடு முதல் நாளே வந்துவிட்டார். “அக்கா, உங்க பையைக் குடுங்க. எங்க வீட்ல இருக்கட்டும்.”

அக்கா சிரித்தார். “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? சரி, உங்க மனசு நிம்மதியா இருக்கும்னா கொண்டு போங்க.”

மறுநாள் விடிவதற்குள் அக்கா எங்களை விட்டே போய்விட்டார். சவப்பெட்டியை மூடும் முன் கையில் சுற்ற அவருடைய ஜெபமாலையைத் தேடினோம். அது அந்தப் பையில் இருந்தது. சொன்னதுமே செல்வராசு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

மருத்துவர்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், கடல் கடந்து வந்து மண் போட்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் பையை நேரத்தோடு கொண்டுவந்து சேர்த்த செல்வராசு அண்ணனுக்கும்.